16 கிலோ நாட்டு நாய்க்கு டின் சாப்பாடு: மாசம் 3,000 ரூபாய்க்குள் எது கட்டுப்படியாகும்?

வேப்பமரத்தடி (திருநகர்)

நாட்டு நாய், ஆண், நாலு வயசு, 16 கிலோ, கருத்தடை ஆனது. உலர் தீனியை மட்டும் வைத்தால் மோந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. மேலே கிரேவி ஊற்றினால் தட்டையே நக்கி வைக்கிறது. ராத்திரி ஒரு கப் தயிர்சோறு. முழுசாக டின்னுக்கே மாறிவிடலாமா என்று யோசனை. மாசம் 3,000 ரூபாய்க்கு மேல் முடியாது. காளவாசல் பக்கம் ஒரு கடையில் பார்த்த நாலு சரக்கின் லேபிளை அப்படியே எழுதுகிறேன்.

உள்ளூர் டின்: 400 கிராம், 240 ரூபாய். புரதம் 8%, கொழுப்பு 5%, நார் 0.5%, ஈரம் 82%.
வெளிநாட்டு டின்: 400 கிராம், 300 ரூபாய். புரதம் 10.5%, கொழுப்பு 7%, நார் 0.5%, ஈரம் 78%.
கிரேவி பவுச்: 70 கிராம், 45 ரூபாய். புரதம் 6.5%, கொழுப்பு 2.5%, நார் 1%, ஈரம் 85%.
உலர் தீனி: 3 கிலோ, 750 ரூபாய். புரதம் 20%, கொழுப்பு 10%, நார் 5%, ஈரம் 12%.

உலர் தீனியில் 20% புரதம், டின்னில் வெறும் 8%. அப்புறம் எதற்கு டின்னுக்கு இவ்வளவு விலை? டின்னைத் திறந்தால் எத்தனை நாள் தாங்கும்?

அளவுகோல்

லேபிள் விவரத்தோடு கேட்டதால் கணக்காகவே சொல்லிவிடலாம்.

முதலில் அந்த 8%. டின்னில் 82 பங்கு தண்ணீர். மிச்சம் 18 பங்கில் 8 பங்கு புரதம். 8-ஐ 18-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 44%. இதே மாதிரி வெளிநாட்டு டின் 48%, பவுச் 43%, உலர் தீனி 20-ஐ 88-ஆல் வகுத்தால் 23%. தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் டின்தான் புரதத்தில் உசத்தி. ஆனால் வளர்ந்த நாய்க்கு, விலங்குத் தீனிக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க ஆஃப்கோ அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே (தண்ணீர் கழித்து) 18%தான். உங்கள் உலர் தீனி அதைத் தாண்டிவிட்டது. ஆகவே புரதத்துக்காக டின் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது கலோரி. விலையைக் கிராமில் ஒப்பிட்டால் தண்ணீருக்கும் சேர்த்து விலை போடுகிறோம். கலோரியில் ஒப்பிட வேண்டும். பாக்கெட்டில் கலோரி அச்சிட்டிருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால்: புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (தாது உப்புகள்) எல்லாவற்றையும் கூட்டி 100-ல் கழித்தால் வருவது மாவுச்சத்து. சாம்பலைப் பல லேபிள்கள் போடுவதில்லை, டின்னுக்கும் பவுச்சுக்கும் 2.5, உலர் தீனிக்கு 8 என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5 கலோரி, கொழுப்புக்கு 8.5. லேபிளில் புரதம், கொழுப்பு இரண்டும் 'குறைந்தது', ஈரம் 'அதிகபட்சம்' என்றுதான் இருக்கும். அதனால் நிஜக் கலோரி இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூடலாம். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

உள்ளூர் டின்: மாவுச்சத்து 2. 100 கிராமுக்கு 28 + 42.5 + 7 = 77.5 கலோரி. டின்னுக்கு 310. நூறு கலோரி 77 ரூபாய்.
வெளிநாட்டு டின்: 100 கிராமுக்கு 101.5, டின்னுக்கு 406. நூறு கலோரி 74 ரூபாய்.
பவுச்: 100 கிராமுக்கு 53, பவுச்சுக்கு 37. நூறு கலோரி 122 ரூபாய்.
உலர் தீனி: 100 கிராமுக்கு 312. நூறு கலோரி 8 ரூபாய்.

பார்வைக்கு 60 ரூபாய் கூடுதலான வெளிநாட்டு டின், வயிற்றுக்குப் போகும் கணக்கில் உள்ளூர் டின்னைவிட மலிவு. 45 ரூபாய்தானே என்று கை போகிற பவுச்தான் நாலிலும் விலை கூடியது.

நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? போன் கால்குலேட்டரில் எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 16 × 16 × 16 = 4,096. வர்க்கமூலம் இரண்டு தடவை அழுத்தினால் 64, பிறகு 8. அதை 70-ஆல் பெருக்கினால் 560. இது சும்மா படுத்திருக்கவே ஆகும் கலோரி. கருத்தடை ஆன வளர்ந்த நாய்க்கு 1.6 மடங்கு, அதாவது ஏறக்குறைய 900. நாளெல்லாம் திண்ணையில் தூங்குகிற நாயானால் 1.4 மடங்கே போதும்.

900 கலோரியையும் வெளிநாட்டு டின்னில் கொடுத்தால் தினம் இரண்டேகால் டின், 665 ரூபாய், மாசம் கிட்டத்தட்ட 20,000. உள்ளூர் டின்னில் 21,000-ஐத் தொடும். முழுசாக டின்னுக்கு மாறும் பேச்சு இத்தோடு முடிந்தது.

உங்கள் பட்ஜெட்டுக்கு வழி: உலர் தீனி 275 கிராம் (860 கலோரி, 69 ரூபாய்), மேலே வெளிநாட்டு டின் 40 கிராம் (40 கலோரி, 30 ரூபாய்). நாளைக்கு 99, மாசம் 2,970. மாசத்துக்கு மூணே டின். 275 கிராமைச் சமையல் தராசில் ஒரு தடவை நிறுத்து, எந்த டம்ளரில் எந்தக் கோடு வரை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் போட்டால் கை தாராளமாகத்தான் போகும்.

நெல்பேட்டை நிழல்

அளவுகோல் அண்ணே, கணக்கெல்லாம் சரி. முடிவுலதான் இடிக்குது. 40 கிராம் எதுக்குப் போடுறோம்? கலோரிக்கா? வாசனைக்கும் ஈரத்துக்கும்தான். அப்போ ஒப்பிட வேண்டியது கிராம் விலையை. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்துல யு.எஸ்.பி.ன்னு ஒரு கிராம் என்ன விலைன்னு போட்டிருப்பான், அதைப் பாருங்க. உள்ளூர் டின் 60 பைசா, பவுச் 64 பைசா, வெளிநாட்டு டின் 75 பைசா. உள்ளூர் டின்னுல 40 கிராம் 24 ரூபாயோட முடிஞ்சிருது.

பவுச்சையும் அப்படித் தள்ளிற வேண்டாம். ஃப்ரீசர்ல இடம் இல்லாத வீட்டுக்கு அதுதான் லாயக்கு: 35 கிராம் இன்னைக்கு, 35 நாளைக்கு. டின்ல பாதி கெட்டுப்போய்க் கொட்டினா கிராம் விலை டபுள் ஆயிரும்.

இன்னொண்ணு, ரெண்டு பேருமே தயிர்சோத்தைக் கணக்குல சேர்க்கலை. ஒரு கப்புல சோறு 150 கிராம், தயிர் 100 கிராம்னு வச்சா 250 கலோரி ஆகுது. 900-ல கால்வாசிக்கு மேல. அது போக உலர் தீனி 275 கிராம் வச்சா, ரெண்டு மாசத்துல நாய் உருண்டையாயிரும். தட்டுல மிச்சம் வைக்கிறதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம்: ராத்திரி வயிறு ரொம்பிட்டா காலையில மோந்துட்டுத்தான் போகும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. 'கிரேவி ஊத்தினாத்தான் திங்குது'ங்கிறது எப்பவும் ருசிப் பிரச்சினை இல்லை. வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பாருங்க. மஞ்சளா காரை ஏறி ஈறு சிவந்திருந்தா, கடிக்க வலிச்சுத்தான் உலர் தீனியை ஒதுக்குது. ஈறு வெளுத்திருந்து, காய்ச்சலும் சோர்வும் இருந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், நம்ம ஊர்ல அது சாதாரணம். நேத்து வரைக்கும் தின்ன நாய் திடீர்னு நிறுத்தினா டின் தேடாம தல்லாகுளம் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

அளவுகோல்

தயிர்சோறு விட்டுப்போனது என் பிழை. கிராம் விலை வாதமும் சரிதான், ஒரு நிபந்தனையோடு. டின்னில் பொடி எழுத்தில் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருக்கிறதா, 'காம்ப்ளிமென்டரி' என்று இருக்கிறதா? முதலாவது தனியே ஒரு வேளைச் சாப்பாடாகும். இரண்டாவதில் கால்சியம், துத்தநாகம், அயோடின், வைட்டமின் எல்லாம் தேவையான அளவில் இருக்காது, தொட்டுக்கொள்ள மட்டும். தயிர்சோறு, பிஸ்கட், காம்ப்ளிமென்டரி கிரேவி என்று முழுமையில்லாத எல்லாம் சேர்ந்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் நாய்க்கு அது 90 கலோரி.

லேபிளின் முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். அமெரிக்க விதிப்படி, பெயரிலேயே 'சிக்கன் டாக் ஃபுட்' என்று இருந்தால் சேர்த்த தண்ணீரைக் கழித்து 95% கோழி. 'சிக்கன் டின்னர்' என்றால் 25% போதும். 'வித் சிக்கன்' என்றால் வெறும் 3%. 'சிக்கன் ஃப்ளேவர்' என்றால் வாசனை தெரிந்தால் சரி. பின்பக்கத்தில் பொருள்கள் எடை வரிசையில் இருக்கும். தண்ணீருக்கு அடுத்து கோதுமை குளூட்டன் (கோதுமைப் புரதம்) நின்றால், கிரேவிக்குள் கறித்துண்டு மாதிரி மிதப்பதில் பெரும்பங்கு அதுதான். நாய்க்குக் கெடுதி ஒன்றும் இல்லை, கறி விலை கொடுக்க வேண்டியதும் இல்லை.

வேப்பமரத்தடி

மறுபடி போய்ப் பார்த்தேன். உள்ளூர் டின்னில் 'காம்ப்ளிமென்டரி'. வெளிநாட்டு டின்னில் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு, அடல்ட்'. பல்லும் ஈறும் நன்றாக இருக்கின்றன. தயிர்சோற்றை நிறுத்தினால் அம்மா சம்மதிக்க மாட்டார்கள்.

அளவுகோல்

அப்படியானால் வெளிநாட்டு டின்தான். அது முழு உணவு என்பதால் அந்தப் பத்தில் ஒரு பங்கில் சேராது. மொத்த இடத்தையும் தயிர்சோற்றுக்கு விட்டுவிடலாம். ஒரு கப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள்: 85 கலோரி. டின் 40 கிராம். மீதி 775 கலோரிக்கு உலர் தீனி 250 கிராம். செலவு நாளைக்கு 92 அல்லது 93, மாசம் 2,800-க்குள். அம்மாவுக்கும் மனக்குறை இருக்காது.

தயிர்சோற்றில் தாளிப்பு வேண்டாம். வெங்காயம் எந்த உருவிலும் கூடாது, அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேக வைத்தாலும் விஷம் போகாது. திராட்சை போட்ட தயிர்சோறு இன்னும் மோசம், சிறுநீரகத்தைத் தாக்கும்.

தயிர்சோற்றை என்றைக்காவது நிறுத்தினால் அப்போது நெல்பேட்டைக்காரர் சொன்ன உள்ளூர் டின்னுக்கு மாறிக்கொள்ளலாம்.

மாட்டுத்தாவணி மழை

டின்னை வைக்கிற விஷயம் யாரும் சொல்லவில்லை. மதுரை வெயிலுக்கு இதுதான் முக்கியம்.

வாங்கும்போது: உப்பியிருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உடம்பில் லேசான நசுங்கல் பரவாயில்லை; மேல், கீழ் விளிம்பிலோ பக்கத் தையலிலோ நசுங்கியிருந்தால் வேண்டாம், காற்று புகுந்திருக்கும். ஆன்லைனில் வரவழைத்தால் டெலிவரிக்காரர் நிற்கும்போதே விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெயில் விழும் ஷோகேஸில் அடுக்கிய டின்னை எடுக்காதீர்கள், காரிலும் விட்டுவைக்காதீர்கள். கடும் சூட்டில் மட்டும் பெருகும் கிருமிகள் உண்டு. அவை வாயுவே விடாமல் புளிக்க வைக்கும். டின் உப்பாது, திறந்தால் புளித்த வாடை வரும். தேதி நெருங்கியதால் தள்ளுபடியில் வருவதை, இந்தக் குறை எதுவும் இல்லாவிட்டால், தாராளமாக வாங்கலாம்.

திறக்கும்போது உள்ளே காற்று இழுக்கிற சின்ன 'புஸ்' சத்தம் நல்ல அறிகுறி. வெளியே பீய்ச்சினால் மூடி, குப்பைக்கு.

திறந்த பிறகு: மூடிய டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில், அதிகபட்சம் மூன்று நாள். உங்களுக்குத் தினம் 40 கிராம்தான் என்பதால் ஒரு டின் பத்து நாள் வரவேண்டும். அதற்கு இட்லித் தட்டு. திறந்த அன்றே குழிகளில் எண்ணெய் தடவாமல் நிரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். முதல் குழியை மட்டும் நிறுத்துப் பாருங்கள். சாதாரணக் குழி தட்டையாக நிரப்பினால் 40 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். கெட்டியானதும் அடியில் கொஞ்சம் தண்ணீர் காட்டினால் கழன்றுவிடும், பையில் போட்டு மறுபடி ஃப்ரீசர். ஒரு மாசத்துக்குள் தீர்த்துவிடுங்கள். களி மாதிரி கெட்டியாக இருக்கும் டின் இதற்குத் தோது. கிரேவித் துண்டு வகை உருகும்போது நீர் பிரிந்து தனியாக நிற்கும். கலக்கி வைத்தால் நாய் குறை சொல்லாது.

முதல்நாள் ராத்திரியே ஒரு துண்டை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். காலையில் மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு மசித்து உலர் தீனியின் மேல் *பிசறுங்கள்*. ஓரமாக ஊற்றினால் கிரேவியை மட்டும் நக்கிவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துவிடும். கைச்சூடு இருந்தால் வாசனை எழும். டின்னை அப்படியே அடுப்பில் வைக்கக் கூடாது. பவுச் மைக்ரோவேவுக்கு ஆகாது, உள்ளே உலோகத்தாள் இருக்கிறது.

வைத்த தட்டு 32 டிகிரிக்கு மேலான வெயிலில் ஒரு மணி நேரம்தான். நம் சித்திரையில் நிழலே அதைத் தாண்டும். இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை பசியோடு வரும். எறும்புக்கு: அகலத் தாம்பாளத்தில் விரல்கடை தண்ணீர், நடுவில் தட்டு.

ஆனையூர் அப்பு

அண்ணே, இதுக்கு நாம சாப்பிடுற டூனா டின், இல்லாட்டி பூனை டின் வாங்கினா வேலை முடிஞ்சிருமே? வீட்டிலேயே கிரேவி செய்ய முடியாதா?

நெல்பேட்டை நிழல்

தம்பி, டூனா டின்னுல உப்பு, எண்ணெய். சிலதுல வெங்காயம், பூண்டு. பூனை டின் நாய்க்கு ரொம்ப ருசிக்கும். புரதமும் கொழுப்பும் நாய்க்கு வேண்டியதைவிடக் கூட. தினம் குடுத்தா சதை போடும், கொழுப்பு தாங்காத நாய்க்குக் கணைய அழற்சி வரும். ரெண்டும் வேணாம்.

வீட்டுக் கிரேவி செய்யலாம். பிராய்லர் ஈரல் 100 கிராம், தண்ணி 300 மில்லி, உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இல்லாம பத்து நிமிஷம் கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியோடவே மிக்சியில அடிங்க. வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு தடவைக்கு ரெண்டு மேசைக்கரண்டி போதும். தினம் ஈரல் போட்டா வைட்டமின் ஏ கூடிப்போயிரும், உலர் தீனியிலயே அது இருக்கு. ஈரல் இல்லாத நாள் கோழிக் கழுத்தைத் தோல் உரிச்சு வேகவச்ச தண்ணி. தண்ணியை மட்டும்தான் ஊத்தணும். வெந்த எலும்பு ஊசி மாதிரி உடையும், குடல்ல குத்தும். இதுவும் காம்ப்ளிமென்டரிதான், அந்த 90 கலோரிக்குள்ள அடங்கணும். ஊத்துற அன்னைக்குத் தயிர்சோத்தைக் குறைங்க.

வேப்பமரத்தடி

வெளிநாட்டு டின் ஒன்று வாங்கித் திறந்தாயிற்று. உள்சுவரில் இரண்டு இடத்தில் கறுப்பாகக் கறை. உணவில் வாடை இல்லை. கொட்டிவிடவா?

மாட்டுத்தாவணி மழை

கொட்ட வேண்டாம். கறியின் புரதத்தில் உள்ள கந்தகம், மூடிய டின் ஆலையில் கடும் சூட்டில் வேகும்போது, உள்பூச்சு கீறிய இடத்தில் தகரத்தோடும் இரும்போடும் சேர்ந்து கறுக்கும். ஈரல் சேர்ந்த டின்னில் அதிகம் தெரியும். தீங்கில்லை. காவி நிறத்தில் செதில் செதிலாகத் துரு உரிந்தால்தான் வேண்டாம்.

இன்றே 40 கிராமும் போடாதீர்கள். முதல் இரண்டு நாள் 10 கிராம், மூன்றாம் நான்காம் நாள் 20, அடுத்த இரண்டு நாள் 30, ஏழாம் நாள் 40. டின் கெட்டியாக நிற்கச் சேர்க்கும் குவார் கம் மாதிரியான கோந்துகள் சில நாய்களுக்கு முதல் வாரம் மலத்தை இளக்கிவிடும். இளகினால் முந்தைய அளவையே மூன்று நாள் கொடுங்கள். ரத்தம் கலந்தாலோ, வாந்தியும் சேர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

அளவுகோல்

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை: நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழியுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரல் வைத்தால் எண்ண முடிந்தால் சரியான உடம்பு. (சிப்பிப்பாறை, கன்னி இன வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் இந்த அளவுகோலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அவற்றுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது இயல்பு.) 16.5 தாண்டினால் உலர் தீனியை 225-க்கு இறக்குங்கள். 15.5-க்குக் கீழே போனால் 275. டின் 40-லேயே நிற்கட்டும்.